நேர்ச்சைச் சேவலின் கழுத்து

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பினால், எங்கள் முன்னறையில் மூன்று ஆண்கள் உட்கார்ந்து ஈ கட்டிக்கொண்டிருப்பார்கள். ஈ என்றால் நிஜ ஈ இல்லை. தூண்டில் முள்ளில் நூலையும் கோழி இறகையும் சுற்றிச் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சியைப்போல ஒன்றைச் செய்வார்கள். அதற்கு ஃப்ளை என்று பெயர். அதை நீளமான கயிற்றின் நுனியில் மாட்டி, தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, குளத்தில் போடுவார்கள். மீன் ஏமாந்து கவ்வும். கவ்விய மீனைத் தூக்கிப் போட்டோ எடுத்துவிட்டு, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். ஆமாம், விட்டுவிடுவார்கள். குழம்புக்கு உதவாத மீன்பிடிப்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது.

மூவரில் ஒருவர் என் வீட்டுக்காரர். பட்டாளத்தில் இமயமலைப் பக்கம் இருந்தபோது அதிகாரி ஒருவரின் பின்னால் கூடை தூக்கிக்கொண்டு போய்க் கற்ற வித்தை இது. பென்ஷனோடு இதையும் ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டாவது ஆள் எங்கள் தெருமுனையில் இருக்கும் பல் டாக்டர். பல் பிடுங்குகிற இடுக்கியாலேயே இறகையும் பிடித்துச் சுற்றுவார். கழுவினாரா என்று நான் கேட்டதில்லை, கேட்கப் பயம். மூன்றாவது ஆள் ஒரு மில் முதலாளி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மில்லை மகன் பார்த்துக்கொள்வதால் இவருக்கு நாள் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதான்.

நான் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் பட்டறை ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறேன். நூல் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இவர்கள் மூவரும் சேர்ந்து ஒரு காலை முழுக்க நாலு ஈ கட்டுவார்கள். அந்த நேரத்தில் என் பெண்கள் ஒரு கட்டு நைட்டி தைத்து, மடித்து, பையில் போட்டு, டீயும் குடித்துவிடுவார்கள். கட்டி முடித்த ஈயை உள்ளங்கையில் வைத்து, மூவரும் குனிந்து பார்த்து, "பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்" என்பார்கள். பெற்ற பிள்ளையைக்கூட என் வீட்டுக்காரர் அப்படிக் குனிந்து பார்த்ததில்லை. என் பெட்டியிலிருந்து நூல் கண்டு காணாமல் போனால் நான் வேறெங்கும் தேடமாட்டேன், நேராக முன்னறைக்குத்தான் போவேன்.

வத்திராயிருப்பில் மில் முதலாளிக்கு ஒரு தென்னந்தோப்பும் அதற்குள் ஒரு குட்டையும் இருக்கின்றன. அங்கேதான் வீச்சு. ஒருமுறை என்னையும் அழைத்துப் போனார்கள். டாக்டர் தொப்பி, பல பை வைத்த சட்டை, முழங்காலுக்கு மேல் ரப்பர் பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கயிற்றைப் பின்னால் வீசினார். ஈ போய்த் தென்னை மட்டையில் மாட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் வீசினார். அவருடையதும் மட்டையில். முதலாளி தோப்புக்காரர் ஆயிற்றே என்று பார்த்தால், அவருடையது இளநீர்க் குலையில்.

"காத்து சரியில்ல," என்றார் டாக்டர்.

"காத்து நல்லாத்தான் இருக்கு டாக்டர். தென்னை மரம்தான் தப்பான எடத்துல நிக்குது," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு மாட்டியது ஒரே ஒரு ஜிலேபிக் கெண்டை. அதையும் தடவிக்கொடுத்து, போய் வா என்று விட்டார்கள். கிறுக்குப் பிடித்த கூட்டம் என்று மனதுக்குள் நினைத்தேன்; வண்டியில் திரும்பும்போது வாய்விட்டே சொன்னேன்.

இதுவரைக்கும் சிரிப்புதான். இனிமேல் சிரிப்பு இல்லை.

என் தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடிவீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறாள். அவளுக்கு ஒரே பெண்பிள்ளை. பிள்ளைக்கு இரண்டு வயதிலிருந்து வலிப்பு. திடீரென்று கண் மேலே போகும், கை கால் வெட்டும், வாயில் நுரை தள்ளும். மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்து அவள் பாதி உடம்பு ஆகிவிட்டாள். மாத்திரை ஒருபக்கம் கொடுத்துக்கொண்டே, செண்பகத்தோப்புப் போகும் வழியில் இருக்கும் அந்தோணியார் கோவிலுக்கு ஒரு நேர்ச்சையும் வைத்தாள்: ஒரு வருஷம் வலிப்பு வராமல் இருந்தால், தன் கையால் வளர்த்த சேவலைத் திருவிழாவில் காணிக்கை கொடுப்பதாக. மாடிவீட்டில் கோழி வளர்க்க முடியாது என்பதால் குஞ்சை எங்கள் கொல்லையில் விட்டாள். வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து, அவளே தீனி போட்டு, அவளே தடவிக்கொடுத்துவிட்டுப் போவாள்.

நேர்ந்துவிட்ட சேவலை எங்கள் பக்கத்தில் யாரும் கை நீட்டி அடிக்கக்கூட மாட்டார்கள். அடுப்படிக்குள் நுழைந்து அரிசியைக் கொத்தினாலும் "அந்தோணியாரே, வெளிய போங்க" என்றுதான் சொல்வோம். ஊனம் இல்லாமல், முழுசாக அவரிடம் போய்ச் சேர வேண்டும். அதில் குறை வைத்தால் வாங்கின வரம் திரும்பிப் போய்விடும் என்பது என் தங்கையின் நம்பிக்கை. எனக்கு அதில் பாதி நம்பிக்கை உண்டு, பாதி இல்லை. அவளுக்கு முழுசாக உண்டு. வருஷமும் முடிந்தது. பிள்ளைக்கு ஒருதடவைகூட வரவில்லை.

சேவலோ அப்படி ஒரு அழகு. கறுப்பும் வெள்ளையும் வரி வரியாக, கழுத்திலிருந்து இறகு வெயிலில் மினுங்கிக்கொண்டு இறங்கும். அதுதான் அதற்கு வினையானது. ஈ கட்டுகிறவர்களுக்குச் சேவலின் கழுத்து இறகுதான் தங்கம்; ஹேக்கிள் என்பார்கள் அதை. அதிலும் வரி போட்ட இறகு என்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கொல்லைக் கதவில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இந்த ஹேக்கிள் அமெரிக்காவுல கூட கெடைக்காது," என்றார்.

"அது ஹேக்கிள் இல்ல டாக்டர். அந்தோணியாருக்கு நேந்துவிட்ட சேவல். கண்ணு வைக்காதீக."

"அரெரே, நாலு எறகுதானம்மா," என்றார் முதலாளி.

"நாலு எறகு வேணும்னா உங்க மீசையில புடுங்கிக்கங்க," என்றேன். என் வீட்டுக்காரர் பதறிப்போய், "ஏட்டி, சும்மா இரு. யாரும் தொடமாட்டாவ. நான் பொறுப்பு," என்றார். பட்டாளத்துக்காரர் வாக்கு. நம்பினேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் பட்டறையில் அவசர ஆர்டர். மாலையில் வீட்டுக்கு வந்தபோது முன்னறையிலிருந்து "பியூட்டிஃபுல்" என்று குரல் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடினேன். சேவல் முருங்கை மரத்தடியில் ஒடுங்கிப்போய் நின்றது. கழுத்தைச் சுற்றி ஒரு இறகு இல்லை. செக்கச் செவேலென்று தோல். ஒன்றிரண்டு இடத்தில் ரத்தம் புள்ளி வைத்திருந்தது.

திரும்பி வந்து மூவர் முன்னாலும் நின்றேன். மேஜைமேல் காகிதம் விரித்து, இறகுகளை நீளவாரியாக அடுக்கி வைத்திருந்தார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே ஒரு ஈயைத் தூக்கிக் காட்டினார். "பாருங்கக்கா, உங்க சேவல்தான். எம்புட்டு அழகு!"

"உங்க கையில புத்து வைக்க," என்றேன். என் வாயில் வந்ததெல்லாம் இங்கே எழுத முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், போதும்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "எறகுதானட்டி, பொறவு மொளச்சுரும்," என்றார். எப்போது? விடிந்தால் திருவிழா. சந்தையில் இதே நிறத்தில் வேறு சேவல் வாங்கித் தந்துவிடுவதாக முதலாளி சொன்னார். சாமியை ஏமாற்றுவதும் மீனை ஏமாற்றுவதும் இவர்களுக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் தங்கை பிள்ளையோடு வந்தாள். பிள்ளைக்குப் புதுப் பாவாடை, தலை நிறைய மல்லிகை. சேவலைப் பார்த்ததும் அவள் அழவில்லை, கத்தவில்லை. முருங்கை மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கா செஞ்சா?"

அத்தான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "தெரு நாய் கடிச்சிருச்சுடி," என்றேன். என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"திரும்ப வந்துருமாக்கா?" என்று கேட்டாள். எது என்று சொல்லவில்லை. பிள்ளையைத் தன் மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

வேறு சேவல் வாங்கலாமா என்று கேட்டேன். "நான் நேந்தது இதத்தான்," என்றாள். கழுத்தைச் சுற்றி ஒரு துணியாவது தைத்துப் போடுகிறேன் என்றேன். "மூடி மறச்சுக் குடுக்கக் கூடாதுக்கா. அவரு பாக்கட்டும்," என்று சொல்லி, சேவலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

கோவிலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். காணிக்கை கொடுக்க நின்ற வரிசையில் எல்லார் கையிலும் கொழுத்த சேவல். என் தங்கையின் கையில் மட்டும் கழுத்து உரிந்த ஒன்று. பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சாமியார் ஒரு நிமிஷம் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தீர்த்தம் தெளித்தார். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மந்திரித்த சேவல்களை மரத்தடியில் ஏலம் விடுவது வழக்கம். யாராவது கேட்டு எடுத்துப்போனால்தான் நேர்ச்சை நிறைவேறியது என்று கணக்கு. யாரும் கேட்காமல் நின்றுபோனால் அந்தோணியார் முகம் திருப்பிக்கொண்டார் என்பார்கள்.

எங்கள் சேவல் வந்தது. ஏலம் விடுகிறவர் அதை உயர்த்திப் பிடித்தார். கூட்டத்தில் சத்தமே இல்லை.

"யாருய்யா கேக்குறது? அடிமாட்டு வெலைக்காவது கேளுங்கய்யா!"

"சீக்குக் கோழி. தின்னா நமக்கும் முடி கொட்டிரும்," என்று ஒருவன் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் தங்கை என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் தோலில் இறங்கியது. நானே கேட்கலாமென்றால், நேர்ந்த குடும்பம் ஏலம் கேட்கக்கூடாது. "ஒரு தரம்," என்றார் அவர். "ரெண்டு தரம்..."

"நான் கேக்குறேன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பல் டாக்டர். அவரை நான் அங்கே எதிர்பார்க்கவே இல்லை. உடனே அவருக்குமேல் இன்னொரு குரல். மில் முதலாளி. டாக்டர் ஏற்றினார். முதலாளி இன்னும் ஏற்றினார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு மாறி மாறிக் கத்தினார்கள். சிரித்த கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது. சேவலின் விலை அன்றைக்கு வந்த ஆட்டுக்கிடாயின் விலையைத் தாண்டியது. கடைசியில் டாக்டர் எடுத்தார். யாரோ "அந்தோணியாரே!" என்று சத்தம் போட, எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் தங்கை மண்ணில் முழந்தாளிட்டு, பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரிடம், "நீங்க சொல்லித்தான் வந்தாவளா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் டாக்டர் பக்கம் கண்ணைக் காட்டினார். பிறகு, "இல்லட்டி. முதுகு எறகு இன்னும் அப்படியே இருக்குல்ல," என்றார்.

டாக்டர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அங்கேயே நின்று விரலால் அதன் முதுகு இறகை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தங்கை பிள்ளையை இழுத்துக்கொண்டு அவரிடம் ஓடினாள். "ஐயா, நீங்க நல்லா இருக்கணும்யா. எம் பிள்ளையக் காப்பாத்திட்டீக," என்று சொல்லி, பிள்ளையை அவர் காலில் விழவைத்தாள். அந்த மனுஷன் சேவலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, காலியான கையைப் பிள்ளையின் தலையில் வைத்து ஆசீர்வாதம் செய்தார்.

நான் வாயைத் திறந்தேன். என் தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். வருஷக் கணக்காக அந்த முகத்தில் நான் பார்க்காத ஒரு நிம்மதி. வாயை மூடிக்கொண்டேன்.

இப்போதும் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முன்னறையில் உட்கார்ந்து ஈ கட்டுகிறார்கள். அவர்களுக்கென்று என் தங்கை வாராவாரம் முறுக்கு சுட்டு அனுப்புகிறாள். "அவிய சாப்பிட்டாவளாக்கா?" என்று போனில் கேட்கிறாள். நான்தான் அதைத் தட்டில் வைத்து, டீயோடு கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைக்கிறேன், எண்ணெய்க் கையோடு இறகைத் தொடாதீர்கள் என்று சொல்கிறேன். பிள்ளைக்கு இதுவரை வலிப்பு வரவில்லை. வராத வரைக்கும் நானும் முறுக்குத் தட்டை அவர்கள் முன்னால் வைத்துக்கொண்டுதான் இருப்பேன்.