நன்றி மட்டும் சொல்லும் முகாம்

உலகத்தில் இதுவரை நடந்த சமாதான மாநாடுகள், முடிசூட்டு விழாக்கள், நிலவுப் பயணங்கள் அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, மேடம் நடத்தும் ஊழியர் முகாமை மறு தட்டில் வைத்தால், தராசே எழுந்து நின்று கைதட்டும்.

முகாம் அறிக்கையை இப்படித்தான் தொடங்கியிருந்தாள் மேடத்தின் மகள். பத்தாம் வகுப்பில் பாதி நாள் மட்டம் போட்டதற்கு அம்மா கொடுத்த தண்டனை, அந்த அறிக்கை.

மேடம், காது கேளாத பிள்ளைகளுக்குக் கருவி வாங்கித் தரும் சங்கத்தில் நன்கொடை திரட்டும் பிரிவின் தலைவி. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்க அவருக்கு நாக்கு எழாது. பிள்ளைகளுக்கென்றால் முன்பின் தெரியாதவரிடமும் வெட்கத்தை மென்று விழுங்கிவிட்டுக் கேட்பார். அவருக்குக் கீழே மூன்றே பேர்: ரசீதுக்காரர், வண்டி ஓட்டுநர், போன்காரம்மா. மூன்று பேரும் மூன்று திசை. அவர்களை ஒன்றாக்கத்தான் வருஷா வருஷம் முகாம். முதல் வருஷம் கயிறு இழுத்ததில் ரசீதுக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மறு வருஷம் கண்ணைக் கட்டி நடக்கவிட்டதில், ஓட்டுநர் வாசல்வரை தடவிக்கொண்டே போய், கட்டை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்.

இந்த வருஷம் விளையாட்டில்லை. போன்காரம்மாவின் கைப்பையில் ராஜினாமாக் கடிதம் இருப்பதும், முகாம் முடிந்ததும் அது கைமாறப்போவதும் மேடத்துக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக நன்கொடையாளர்கள் பழகிய குரல். அது போனால் பிரிவுக்கு முதுகெலும்பே போன மாதிரி.

அதனால் வாடகைக் கூடத்தில் சார்ட் பேப்பரை ஒட்டி, மேடம் ஒரே ஒரு பயிற்சி வைத்தார். ஆளுக்கு மூன்று நன்கொடையாளர்களைக் கூப்பிட வேண்டும். நன்றி மட்டும் சொல்ல வேண்டும். எதுவும் கேட்கக் கூடாது.

ரசீதுக்காரர் அழகாக நன்றி சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், ரசீது யார் பேரில் போடட்டும் என்றார். ஓட்டுநர், வண்டி எப்போது அனுப்பட்டும் என்றார். மறுமுனையில் இருந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நன்றியெல்லாம் இருக்கட்டும், விஷயத்துக்கு வாங்க என்று ஒருவர் காத்தே கிடந்தார். மேடம் சார்ட்டில் எழுதியிருந்த 'ஒற்றுமை' என்ற சொல்லைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

போன்காரம்மா போனையே தொடவில்லை.

"ஒம்பது வருஷமா நான்தான் மேடம் எல்லாரையும் கூப்பிடறேன். ஒரு தடவையாவது யாராவது என்னைக் கூப்பிட்டிருக்காங்களா?"

தேநீர் இடைவேளை என்று மட்டும் மேடம் சொன்னார். மூலையில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த மகளைக் காணவில்லை என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தாவது நிமிஷம் போன்காரம்மாவின் போன் அடித்தது. புது எண். ஸ்பீக்கரில் போட்டார். யாரோ ஒரு பெரியவர், கரகரத்த குரல். தனியாக இருப்பவராம். மாசா மாசம் போன் செய்து பணத்தைக் கேட்பதற்கு முன்னால் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிற ஒரே ஆள் இந்த அம்மாதானாம். அதற்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டாராம். சொல்லி முடித்ததும் மூன்று முறை தும்மிவிட்டு வைத்துவிட்டார்.

போன்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து வரிசையாக மூன்று பேருக்குப் போன் செய்தார். நன்றி மட்டும் சொன்னார். முகாம் முடியும்வரை கைப்பையைத் திறக்கவில்லை. வாசலில் மேடத்திடம் ஏதோ பேசி, கையில் எதையோ கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டே மேடம் அறிக்கையை வாங்கிப் படித்தார்.

"பெரியவர் போன் பண்ணினதெல்லாம் விவரமாத்தான் எழுதியிருக்க. கூடத்து வாட்ச்மேன்கிட்ட போன் கடன் வாங்கினதை மட்டும் ஏன் விட்டுட்ட?"

"எந்த வாட்ச்மேன்?"

"நடிக்காதடி. சார்ட் பேப்பர் தூசி பட்டா வரிசையா மூணு தும்மல் போடற ஆளு, எனக்குத் தெரிஞ்சு உலகத்துலயே ஒண்ணுதான். ஒரே தும்மல் ஸ்பீக்கர்லயும் கேக்குது, ஜன்னலுக்கு வெளியவும் கேக்குது."

மகள் பேனா மூடியைக் கடித்தாள். "போன்காரம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? ஒம்பது வருஷமா குரலைக் கேட்டே ஆளை எடை போடறவங்க." மேடம் தன் பையிலிருந்து ஒட்டிய கவர் ஒன்றையும் ஒரு மாத்திரை அட்டையையும் எடுத்து அறிக்கைமேல் வைத்தார். "கடிதத்தைக் கிழிச்சுப் போடற வேலை அந்தப் பெரியவருக்காம். மாத்திரை ஜலதோஷத்துக்கு. சாப்பிட்டுட்டுப் போடச் சொன்னாங்க."