நாச்சிமுத்து குடித்த தண்ணீர்

வியாழக்கிழமை காலை ஷிப்டுக்குப் போகப் பெரியநாயக்கன்பாளையம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். நாச்சிமுத்துவின் மனைவி சரஸ்வதி போனில் கூப்பிட்டார். "ஏனுங்க, அவரு போயிட்டாருங்க" என்றார். கம்பெனி பஸ் வந்தது, ஏறாமல் நின்றேன்.

நம் பம்பு கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் நானும் அவரும் இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்துச் சோதனை மேடையில் நின்றவர்கள். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கே தெரியும், மீட்டரைப் பார்க்குமுன் அவர் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துவிடுவார். "மீட்டரு அப்பறம் சொல்லட்டுங்க, இது இப்பவே சொல்லுது" என்பார். சரியில்லை என்று அவர் ஒதுக்கிய பம்பை மேனேஜரே வந்து கெஞ்சினாலும் பாஸ் பண்ண மாட்டார். மகா பிடிவாதக்காரர். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

போன வருடம் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயமுத்தூரில் எக்கோ எடுக்க நான்தான் கூடப் போனேன். திரையில் இதயத்தைக் காட்டி டாக்டரம்மா விளக்கினார். உடம்பிலிருந்து வரும் ரத்தத்தை வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து திரும்புவதை இடப்பக்கம் உடம்பெங்கும் தள்ளுகிறது. ரத்தம் பின்னால் திரும்பாதபடி வால்வுகள் மூடிக்கொள்கின்றன. லப் டப் என்று கேட்பது அந்தச் சத்தம்தான். இவருக்கு இடப்பக்கத் தசை சோர்ந்துவிட்டது. "சூடான மோட்டாரை நாங்க நிறுத்திப்போடுவமுங்க. இதுக்கு ரெஸ்ட்டே இல்லீங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து. "ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கொஞ்சம் இருக்குங்க, அவ்வளவுதான்" என்றார் அந்தம்மா. மாத்திரையோடு, நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார்.

அங்கேதான் வந்தது வினை. தண்ணீரில்லாமல் ஓடிய பம்பு என்னாகும் என்று எங்களுக்குத் தெரியாதா? கசிவைத் தடுக்கும் சீல் கருகி ஒரே நாளில் குப்பைக்குப் போகும். "வலுவில்லாத பம்புக்குத் தண்ணியக் கொறைக்கச் சொல்றாங்க, இவிங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சரஸ்வதி தினமும் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பிவிட்டு, "அளவாக் குடிக்கறாருங்களா?" என்று எனக்குப் போன் போட்டுக் கேட்பார். "ஆமாங்க" என்பேன். மத்தியானத்துக்குள் அது காலியாகிவிடும். நான்தான் எழுந்து போய் நிரப்பிக்கொண்டு வருவேன், இரண்டு தடவை, வெயில் நாளில் மூன்று தடவை.

கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. இதயத்தால் தள்ள முடியாமல் நீர் பின்னால் தேங்கி நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. இந்த ஒரு வரியை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். கேட்கவில்லை, எங்களுக்குத்தான் பம்பு தெரியுமே.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு என் கையைப் பிடித்தார். "சரசு கேட்டா, நானேதான் புடிச்சுக் குடிச்சேன்னு சொல்லிப்போடுங்க. உங்க பேரு வர வேண்டாங்க." எழவு வீட்டில் சரஸ்வதி தண்ணீரைப் பற்றிக் கேட்டார். அப்படியே சொன்னேன். "நீங்க கூட இருந்து பாத்துக்கிட்டீங்க" என்று என்னைக் கும்பிட்டார்.

நாச்சிமுத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, எனக்காக அவர் சொல்லச் சொன்ன அந்தப் பொய் ஒன்றுதான். அதையும் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. சரஸ்வதி அம்மணி, பாட்டிலை நிரப்பியது நான்.