தெளிவாக இருந்து சொன்னவள்

சாராயக்கடைகளைத் திறந்துவிட்டிருந்த எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர். காலையில் கடலுக்குப் போய் மூழ்கி மூழ்கி எழுந்து, பிற்பகலில் கரைக்கு வந்ததும் நடுக்கத்துக்கு என்று குடிப்பார். குடித்தால் அடிக்கிறவர் இல்லை. பாசம் பொங்கிவிடும், எதிரே இருப்பவரிடம் மனதில் கிடப்பதையெல்லாம் கொட்டிவிடுவார். அதனாலேயே அவர் குடியை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்தத் தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை துறைமுகத்தில் கிளார்க். மாதா கோவிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் அறிவிப்பதைத்தான் ஓலை என்போம்.

மறுநாள் தங்கை என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனாள். சிறு வயதில் இரண்டு முறை வந்து நின்றுபோன வலிப்பு, போன மாதம் திரும்ப வந்திருக்கிறது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"புதன்கிழம சேல எடுக்கப் போறம்லா, அங்க வச்சு நானே அவுககிட்ட சொல்லிருதேன்க்கா. அதுவரைக்கும் நீ யார்ட்டயும் மூச்சு விட்டுறாத."

மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். அன்று சாயங்காலமே கணவரிடம் சொன்னேன். அதிசயமாக அன்று அவர் குடித்திருக்கவில்லை. நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"வெளிய விட்டுராதீக."

"எனக்கென்ன பைத்தியமாளா?"

செவ்வாய்க்கிழமை சாராயக்கடையில் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்திருக்கிறார். தோளில் கையைப் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறார். "மாமா, எங்க புள்ளைக்கு வலிப்பு வரும். நீங்கதான் நல்லாப் பாத்துக்கிடணும்." கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள்.

புதன்கிழமை காலையில், சேலை எடுக்கப் போவதற்காக நான் என் அம்மா வீட்டில் இருந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா அங்கே வந்தாள். உள்ளே வரவில்லை. "மறைச்சுக் கட்டி வைக்கப் பாத்தீகளே, ஒங்க மருமவனே கடையில வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டாரு" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அன்று கடலுக்குப் போகாமல் வலையின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பிடித்து உலுக்கினேன்.

"நானா? நான் எப்பளா சொன்னேன்?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. அவர் செய்ததை அவருக்கு நானே விளக்க வேண்டியிருந்தது. கல்யாணம் நின்றதைவிட அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேட்டு முடித்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

அன்றோடு குடியை நிறுத்தினார். கரைக்கு வந்ததும் தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து நேராக என் அம்மா வீட்டுக்குப் போவார். குடத்தை வாசலில் வைத்துவிட்டு நிற்பார். தண்ணீருக்குத் தவித்த காலம். ஆனாலும் தங்கை வந்து, அவர் கண் முன்னாலேயே அதைச் சாக்கடையில் கொட்டுவாள். மறுநாளும் கொண்டுபோவார். தவக்காலம் முழுக்க இப்படித்தான்.

ஈஸ்டர் அன்று கூட்டாளிகளோடு சேர்ந்து குடித்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு தங்கையிடம் போனார்.

"நேத்து குடிச்சிட்டேன் தாயி. வேற யாரும் வந்து சொல்லதுக்கு முந்தி நானே சொல்லிருதேன்."

அவள் கதவை முழுக்கத் திறந்துவிட்டாள். பிறகு, "உள்ள வந்து இரிங்க அத்தான், காப்பி போடுதேன்" என்றாள்.

நானும் படியேறினேன். "நீ நில்லுக்கா" என்றாள்.

"அவுகளாவது குடிச்சிட்டுச் சொன்னாக. நீ தெளிவா இருந்துல்லா சொன்ன."

கணவர் எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நின்றேன். தலையைக் குனிந்தபடி உள்ளே போய் உட்கார்ந்தார். அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். நான் தெருவில் நிற்க, அவள் கல்யாணத்தைக் கெடுத்தவர் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தனியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என் கழுத்தை அறுத்துவிட்டதாகத்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை. தங்கையும் அவரும் பழையபடி சிரித்துப் பேசினார்கள். என்னிடம் அவள் சாப்பாடு, துணிமணி தாண்டி ஒரு வார்த்தை பேசமாட்டாள். "கட்டின புருசங்கிட்டதானே சொன்னேன், இது ஒரு குத்தமா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டே திரிந்தேன். ஒருநாள் கணவர் மெதுவாகச் சொன்னார்: "நான் மன்னிப்பு கேட்டேன். நீ இன்னும் கேக்கலளா." இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

மூன்று வருஷம் கழித்து, ஆத்தூரில் வாத்தியாராக இருந்த ஒருவரை அவள் கட்டிக்கொண்டாள். பெண் பார்க்க வந்த அன்றே தன் நோயை அவரிடம் அவளே சொல்லிவிட்டாளாம். அதுவும் எனக்குக் கணவர் சொல்லித்தான் தெரியும்.

கல்யாணத்தன்று காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட என்னைத்தான் அம்மா அனுப்பினாள். பாதிப் பின்னலில் என் கை நின்றுவிட்டது.

"மன்னிச்சிரு. நான் சொல்லியிருக்கக் கூடாது."

அவள் திரும்பவில்லை. மடியில் இருந்த பூவை எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

"சரிக்கா. பூவ இறுக்கி வையி, விழுந்திரப் போவுது."

அவள் குரலில் கோபம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் எனக்கென்று தனியாக அவள் எதையும் சொன்னதில்லை.