பாடு வண்டியும் பவுடர் டப்பாவும்

மூன்று வருஷத்துக்கு முன்னால், மழை விட்டிருந்த ஒரு கார்த்திகை மாதம். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். மெக்கானிக்கல் முடித்துவிட்டு, வேலை கிடைப்பதற்குள் ஊரில் ஓடும் எல்லா எஞ்சினையும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்ற தெனாவெட்டில் நான் சுற்றிக்கொண்டிருந்த நேரம்.

எங்கள் வீட்டில் ஒரு டீசல் கார் இருந்தது. எங்கள் வீடு என்றால் மூன்று வீடு. பெரியப்பா, நைனா, சித்தப்பா மூவரும் சேர்ந்து வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி. யார் எப்போது எடுப்பது என்று சண்டை வராமல் இருக்க, அதற்கும் பாடு வைத்துவிட்டார்கள். ஏரியில் வலை போட எங்கள் ஆட்களுக்கு முறை உண்டு. இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. தன் பாட்டை எவனும் அடுத்தவனுக்கு விட மாட்டான். காரும் அப்படித்தான், வாரத்துக்கு ஒரு வீடு.

சித்தப்பாவின் பாடு நடந்தபோதுதான் வண்டி மக்கர் பண்ணியது. பின்னால் நீலப் புகை. பானெட்டைத் திறந்தால், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைச் சுற்றி ஒரே ஆயில் பிசுக்கு. வழியில் பார்த்த ஒரு மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டர்போ போச்சு என்று சொல்லிவிட்டார். நைனாவுக்கு அது போதும்.

“இன்னாடா ஓட்டுன? வெரட்டிக்கினே போயி டர்போவ துன்னுட்டியே!”

“மெதுவாத்தாண்ணே போனேன்.”

“மெதுவா போனா ஏன் பொகையுது? வித்துட்டு அவனவன் பங்க எடுத்துக்கினு போலாம். இனிமே உங்கூட எந்தக் கூட்டும் வாணாம்.”

கூட்டு என்றால் கார் மட்டும் இல்லை. படகு, வலை எல்லாமே மூவருக்கும் ஒன்றுதான். மறுநாள் காலையில் சித்தப்பா படகுக்கு வரவில்லை. எனக்குப் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நாளே ஞாபகம் இல்லை.

“விக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் குடு நைனா, நான் பாக்குறேன்” என்றேன்.

டர்போ மேல் ஆயில் இருந்தால் டர்போதான் ஒழுகுகிறது என்று அர்த்தம் இல்லை. வேறு எங்கேயோ கசிந்து அங்கே வந்து நிற்கலாம். எஞ்சின் ஆறியதும் பிசுக்கை எல்லாம் துடைத்துக் காயவிட்டு, சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

“சித்தி, பவுடர் டப்பா குடு.”

“இன்னாடா, பொண்ணு பாக்கவா போற?”

“எனக்கு இல்ல. எஞ்சினுக்கு.”

“அய்ய! எம் மூஞ்சியே ரெண்டு நாளா பவுடர் பாக்கல, அதுக்கு ஒண்ணு கேடு!” என்றாலும் முழு டப்பாவையும் கொடுத்தார்.

டர்போ, அதற்கு ஆயில் வரும் பைப், காற்று போகும் ஹோஸ் என்று எல்லா ஜாயின்டிலும் பவுடர் அடித்தேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது எஞ்சின். ஓடவிட்டு டார்ச்சோடு குனிந்தேன். ஆயில் பைப் வெள்ளை. டர்போ உடம்பு வெள்ளை. காற்று ஹோஸ் டர்போவில் சேரும் இடத்தில், அடி ஓரத்தில் மட்டும் ஈரம்.

அணைத்து, ஆறவிட்டு, ஹோஸைக் கழற்றினேன். டர்போ சக்கரத்தை விரலால் சுற்றினால் ஆட்டமில்லாமல் சுற்றியது. ஆனால் ஹோஸுக்குள் ஆயில் தேங்கி நின்றது. எஞ்சினுக்குள் இருந்து காற்று வெளியேறும் சின்னக் குழாய் ஒன்று அந்த ஹோஸில்தான் வந்து சேரும். அது வழியாக எஞ்சினே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. டிப்ஸ்டிக்கை உருவினேன். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரத்துக்கு ஆயில்!

எல்லாரையும் கூப்பிட்டேன். “யாரு இதுல ஆயில் ஊத்துனது?”

“எம் பாடு வந்தா ஒரு டம்ளர் ஊத்துவேன். படகுக்கு ஊத்துற மாரி” என்றார் சித்தப்பா.

“நானுந்தான்” என்றார் பெரியப்பா.

எல்லாரும் நைனாவைப் பார்த்தோம். அவர் ஏரியைப் பார்த்தார். பின்னாலிருந்து அம்மா குரல் வந்தது. “டம்ளரா? இவரு சொம்புல ஊத்துவாரு.”

எங்கள் படகு எஞ்சின் கிழடு, ஆயில் குடிக்கும். ஊற்றாமல் கிளம்பினால் நடு ஏரியில் நிற்க வேண்டியதுதான். அந்தப் பழக்கத்தில், ஆயில் குடிக்காத காருக்கும் மூன்று வீடும் மாற்றி மாற்றி ஊட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் இப்படியே விட்டிருந்தால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி, சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறி வெடித்திருக்கும் என்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பாவின் பாடு வந்தால் அவர் பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

அதிக ஆயிலை வடித்து, ஹோஸைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்தேன். தேங்கியிருந்தது எரியும்வரை புகைந்தது. பிறகு சுத்தம். சித்தப்பா வீட்டுப் பக்கம் திரும்பினார்.

“டேய், நில்லு. நாளைலேருந்து எம் பாடு. நீ எடுத்துக்கோ.”

“உம் பாடுண்ணே.”

“தெரியும். எட்றா.” நைனா சாவியை பானெட் மேல் வீசினார்.

மறுநாள் விடியலில் சித்தப்பா எல்லாருக்கும் முன்னால் படகில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கார் இப்போது இல்லை. நான் சென்னையில் நாள் முழுக்க அடுத்தவர்களின் டர்போவைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். கசிவு பார்க்க பவுடர் அடிக்கும்போதெல்லாம் அந்த வாசனையில் எங்கள் கரை வந்துவிடும். மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும், பானெட் மேல் சாவி விழுகிற சத்தம் மாதிரி இருக்கும்.