தொட மறந்த கை

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த நேரம். ஏழாயிரம்பண்ணை பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் போர்மேன். எங்கள் தொழிலில், வெடிமருந்து அறைக்குள் கால் வைக்கும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். தொடாமல் நுழைந்தால் ஒரு பொறி போதும், கதை முடிந்தது. இந்த விஷயத்தில் நான் பொல்லாதவன். அன்று காலை ஏதோ யோசனையில் தகட்டைத் தொடாமல் நுழைந்த ஒரு பெண்ணை, பக்கத்து வீட்டுக்காரி என்றும் பார்க்காமல், எல்லார் முன்னாலும் திட்டி வீட்டுக்கு அனுப்பினேன்.

வீட்டிலும் எனக்குத் தொட வேண்டிய ஒன்று இருந்தது. சர்க்கரை முற்றி என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா என்று ஒன்று வைப்பார்கள். அவளுக்கு இடது கைக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போனதால் அங்கே பலிக்கவில்லை. வலது கைதான் மிச்சம். அதன்மேல் விரல் வைத்தால் உள்ளே விர்ரென்று ரத்தம் ஓடுவது தெரியும். தினமும் தொட்டுப் பார்க்கணும், ஓட்டம் நின்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வரணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் விரல்கள் மரத்துப்போயிருந்ததால் அந்த வேலை என்னுடையது. காலையில் அவள் தூங்கும்போதே தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புவேன். சீசன் மும்முரத்தில் இரண்டு நாளாகத் தொடவில்லை.

பதினோரு மணி இருக்கும். காலையில் அனுப்பிய பெண் கேட்டில் நிற்பதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். வேலைக்குக் கெஞ்ச வந்திருப்பாள், நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துப் போனால் வெயிலில் வியர்த்து விறுவிறுத்து நிற்கிறாள்.

"நான் வேலை கேட்டு வரல அண்ணாச்சி. ஒங்க வீட்டுக்குப் போனப்ப மதினியக் கைத்தாங்கலாப் பிடிச்சேன், கையில அந்த விர்ருனு ஓடுறது இல்ல. ஒங்களுக்குப் போன் போட்டுப் பாத்தேன், எடுக்கல."

எப்படி எடுப்பேன்? செல்போன்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

கம்பெனி வேனில் வீட்டுக்குப் போய் மனைவியை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் பறந்தோம். அந்தப் பெண்ணும் கூட வந்தாள். விருதுநகர் தாண்டுவதற்குள் பத்து தடவையாவது மனைவியின் கையை அழுத்திப் பார்த்திருப்பேன். அசைவே இல்லை. மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"காலையில தொட்டீகளே, அப்ப ஓடுச்சா?"

ஓடியது என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரும் முதலில் அதையேதான் கேட்டார். எத்தனை நேரமாக அடைத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு முடிவு செய்ய முடியும் என்றார். ஸ்ட்ரெச்சரில் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா நான் தொட்டுப் பாக்கல சார்" என்றேன்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். உள்ளே கொண்டு போய்விட்டார்கள்.

இந்தக் கையும் போனால் கழுத்தில் குழாய். அதுவும் எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. வராந்தாவில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். தகட்டைத் தொடாதது என் தப்புதானே அண்ணாச்சி என்று அவள் சொன்னபோது, என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் டாக்டர் வந்து, அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்தாயிற்று, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். உள்ளே ஓடிப்போய்க் கையைத் தொட்டேன். பலவீனமாகத்தான் இருந்தது, ஆனால் ஓடியது. நான் அழுதுவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் எழும்போது, எனக்கு முன்பே விழித்து அந்தக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். இன்றைக்கும் அப்படித்தான் நீட்டுகிறாள். தகட்டை ஒரு நாள் மறந்தவளை நான் வீட்டுக்கு அனுப்பினேன். கையை இரண்டு நாள் மறந்து, பொய்யும் சொன்ன என்னை என் மனைவி எங்கேயும் அனுப்பவில்லை என்பதை அந்தக் கையைத் தொடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.