மதுரை பஸ்ஸில் ஓர் ஊறுகாய் ஜாடி

இன்று காலை மதுரை பஸ்ஸில் மடியில் ஊறுகாய் ஜாடியோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தது, பக்கத்தில் இருந்த என் மனைவியின் ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர்.

அவளுக்கு அடிக்கடி நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டுகிறது. சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியில் கட்டி இருக்கலாம், புற்றாக இருக்காது, சிறுநீரைச் சோதித்துவிட்டுக் கட்டியை எடுத்துவிடலாம் என்றார் மதுரை டாக்டர்.

வழியில், எங்களுக்குப் பழக்கமான செக்காலைத் தெரு மளிகைக்காரர் ஏறினார். "ஜாடியில என்ன கொண்டு போறீக?"

"கோயில் விளக்குக்கு எண்ணெய்" என்றேன், கூச்சத்தில்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஜாடியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். "எம் பேருலயும் ஒரு விளக்குப் போடுங்க."

ஜாடியை ஆஸ்பத்திரியில் கொடுத்த கையோடு கோயிலுக்குப் போய், நல்லெண்ணெய் வாங்கி அவர் பெயரில் விளக்குப் போட்டேன்.

"அவுக பேருல போட்டாச்சு" என்றாள் மனைவி. "எனக்கு யாரு போடுவா?"

இப்படி ஒரு புருஷன் உங்கள் தெருவிலும் உண்டா, இல்லை நான் மட்டும்தானா?