டிவி காட்டாத முன்னோடி

என் அக்கா ரொஸீனாவின் கணவர் எகிடியஸை ஊரில் எல்லாரும் கிடி என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய் ரிப்பேர் அவருடைய பிழைப்பு. ஜனவரிக் குளிரில் வீட்டுக்கு வீடு குழாய் உறைந்து வெடிக்கும் வாரத்தில்தான் எங்கள் மலையில் பனிச்சறுக்குப் போட்டியும் நடக்கும். அந்த வாரம் பார்த்து மனிதர் லீவு போட்டுவிடுவார். பதினோரு வருஷமாக அந்தப் போட்டியில் அவர் முன்னோடி.

முன்னோடி என்றால் பெரிய பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். வீரர்கள் இறங்குவதற்கு முன்னால், பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாலைந்து பேரை அதே சரிவில் அதே வேகத்தில் இறக்குவார்கள். அவர்களுக்கு நம்பர் கிடையாது, பரிசு கிடையாது, ஒரு மஞ்சள் மேல்சட்டை மட்டும் உண்டு. டிவியில் அவர்களைக் காட்டுவதும் இல்லை. அந்த நேரத்தில் ஸ்டுடியோவில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். கிடி அத்தானைப் பார்க்க வேண்டுமானால் வேலியோரம் வந்து குளிரில்தான் நிற்க வேண்டும்.

அக்கா ஒரு தடவைகூடப் போனதில்லை. பயம். அவருக்கோ அவள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசையே இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"தொட்டிக்கு அடியில நான் படுத்துக் கிடக்கறதை முப்பது வருஷமா பாக்கறே. பறந்து வர்றதை ஒரே ஒரு நாள் பாரேன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

"டிவியில ஒண்ணாம் நம்பர்காரன் வந்து நின்னா, நீங்க பத்திரமா இறங்கிட்டீங்கன்னு அர்த்தம். எனக்கு அது போதும்" என்பாள் அவள். அதுவரை அடுப்பில் சூப்பு கொதித்துக்கொண்டே இருக்கும். ஒண்ணாம் நம்பர் வந்ததும் ரொட்டி உருண்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுவாள். அவை வெந்து மேலே வரும்போது அத்தானும் வந்துவிடுவார்.

நாங்கள் லின்ஸ் நகரத்திலிருந்து வருஷா வருஷம் குழந்தைகளோடு சறுக்க வருவோம். என் வீட்டுக்காரர் ரோலண்ட் டிவி கட்சி. "நேர்ல போனா ஒருத்தன் மூணு செகண்டு தெரிவான். மிச்ச நேரம் நம்ம கால் விறைக்கறதைத்தான் பாக்கணும்" என்பார். மலையடியில் பிறந்த எனக்கு எரிச்சலாக வரும். டிவியில் எப்பேர்ப்பட்ட செங்குத்தும் மைதானம் மாதிரிப் படுத்துக் கிடக்கும். நேரில் நின்றால் ஆள் தெரிவதற்கு முன்பே சறுக்குப் பலகையின் இரும்பு விளிம்பு பனிக்கட்டியைக் கிழிக்கிற சத்தம் வரும். இவ்வளவு வாய் பேசுகிற நானும் சூடான சமையலறையை விட்டு நகர மாட்டேன் என்பது வேறு விஷயம்.

போன வருஷம் அத்தான் ரோலண்டை விடவில்லை. "சகலை, முட்டி போயிடுச்சு. இதுதான் எனக்குக் கடைசி. வேலியோரம் வந்து நில்லுங்க, காசா பணமா?" என்றவர், அக்காவைப் பார்த்தார்.

"நான் வந்துட்டா உருண்டையை யாரு போடறது?" என்றாள் அக்கா. அவர் ரோலண்டை மட்டும் அழைத்துக்கொண்டு போனார்.

அன்று ஒளிபரப்பு வெகுநேரம் ஸ்டுடியோவிலேயே நின்றது. காற்று, மூடுபனி என்று ஏதோ சொன்னார்கள். வெளியே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. போட்டி நாளில் படம் எடுக்கிற ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், நாங்கள் யாரும் ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை. ஒருவழியாக ஒண்ணாம் நம்பர் வந்து நின்றது.

"அப்பாடா, இறங்கிட்டார்" என்று அக்கா அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

ஒண்ணாம் நம்பர்காரன் பாதி வழியில் காட்டு வளைவு என்கிற திருப்பத்தைக் கடந்தபோது, திரையின் ஓரத்தில், பாதுகாப்பு வலைக்கு முன்னால் அத்தான் நின்றிருந்தார். அதே மஞ்சள் சட்டை. தலையில் ஹெல்மெட் இல்லை, காலில் பலகை இல்லை. திரைக்குள்ளிருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா! டிவியில பெரியப்பா!" என்று என் மகள் ஃப்ளோரா துள்ளிக் குதித்துக் கையாட்டினாள். சின்னவன் கையிலிருந்த கரண்டியோடு ஆட்டினான்.

"அக்கா, இங்க பாரு, சீக்கிரம்!" என்றேன்.

"இருடி, உருண்டை உடைஞ்சிடும்."

அவள் திரும்பியபோது படம் மாறிவிட்டது. அடுத்த நிமிஷம் ரோலண்டின் போன் வந்தது.

"எவ்வளவு நேரமா அடிக்கறேன், லைனே கிடைக்கல. கிடி காட்டு வளைவுல தடுமாறி வலைக்குள்ள போய் விழுந்துட்டார். ஹெலிகாப்டர்ல ஏத்தி முக்கால் மணி நேரமாச்சு. நினைவே இல்ல."

"இப்பதானே அங்க நின்னார், பார்த்தோமே!"

"நான் அந்த வளைவுலதான் நிக்கறேன். இங்க யாருமே இல்ல."

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். நானும் அக்காவும் பக்கத்தில் இருந்தோம். நாங்கள் பார்த்ததை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"குழந்தைங்க கையாட்டினாங்க" என்றார். "சின்னவன் கரண்டியோட ஆட்டினான்." பிறகு மெதுவாக அக்கா பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீ மட்டும் திரும்பவே இல்ல."

அப்படியே தூங்கிப்போனார். மறுநாள் கேட்டால், தான் அப்படிச் சொன்னதுகூட அவருக்கு நினைவில்லை.

பிழைத்துவிட்டார். தொடையில் இரும்பு ஆணி வைத்திருக்கிறார்கள். குழாய் வேலைக்குப் போகிறார், சறுக்க மட்டும் இனி முடியாது. அந்த ஒளிபரப்பின் பதிவை ரோலண்ட் எங்கிருந்தோ வாங்கி வந்தார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். காட்டு வளைவில் வலை இருக்கிறது, பனி இருக்கிறது, ஆள் இல்லை.

அக்கா வாரம் தவறாமல் எனக்குப் போன் செய்கிறாள். சுற்றி வளைத்துக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள்.

"அவர் எப்படிடீ நின்னார்? மறுபடி சொல்லு."

சொல்கிறேன்.

"சிரிச்சாரா?"

"சிரிச்சார்க்கா" என்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னையும் குழந்தைகளையும் தாண்டி, அடுப்புப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.